ஜீப்புக்கு இரண்டாவது பேட்டரி: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்



போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு மலைக்கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் நமக்குக் கடை எவ்வளவு முக்கியமோ, ஜீப்பும் அவ்வளவு முக்கியம். ஒரு காலத்தில் மூணாறு மலையின் தேயிலை 1902-இல் போட்ட ஒற்றைத் தண்டவாள வண்டியிலும், 1908 முதல் சிறு ரயிலிலும் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கோட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. இன்று போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும், குரங்கணிப் பக்கத்து மேடுகளிலும், ஏலத்தோட்டப் பாதைகளிலும் நம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஏறுவது ஜீப்பில்தான்.

அந்த ஜீப்புக்கு உயிர் பேட்டரி. அது படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். அதையே இங்கு பாடமாக எழுதுகிறோம்.

நாங்கள் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலை. மலைமேல் ஒரு தோட்டக் கடைக்குச் சரக்கு கொண்டுபோயிருந்தோம். கரண்ட் இல்லை. ஜீப்பின் முன்விளக்கை எரியவிட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, மூட்டைகளை இறக்கி எடை போட்டுக் கணக்குப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. கிளம்பும் நேரத்தில் கடைக்காரர் ஓடிவந்தார். அவர் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வெட்டு வந்துவிட்டது, உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்றார். சாவியைத் திருகினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. வண்டி மேட்டைப் பார்த்து நின்றது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. ஆள் அனுப்பி வேறொரு ஜீப்பை வரவழைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழந்தை பிழைத்தது, ஆண்டவன் புண்ணியம். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் அந்தத் தாய் எங்களைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

மறுவாரமே இரண்டாவது பேட்டரி வாங்கினோம். ஒரு பட்டறையில் கொடுத்து, முதல் பேட்டரியோடு வயரை நேராகச் சேர்த்து மாட்டினோம். இனிக் கவலையில்லை என்று நினைத்தோம். ஒரே மாதத்தில் மறுபடியும் அதே கதை. இந்த முறை இரண்டு பேட்டரியும் சேர்ந்து படுத்துவிட்டன. நேராக இணைத்தால் இரண்டும் ஒரே தொட்டிதான். குழாயைத் திறந்தால் இரண்டும் ஒன்றாகவே வற்றும். அப்போதுதான் இதை முறையாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தோம்.

1. முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

இரண்டாவது பேட்டரியின் வேலை வண்டியைக் கிளப்புவது அல்ல. எஞ்சின் நின்றிருக்கும்போது விளக்கு, மின்னணுத் தராசு, பில் மெஷின், செல்போன் சார்ஜர் ஆகியவற்றுக்குக் கரண்ட் கொடுப்பதே அதன் வேலை. கிளப்பும் பேட்டரியை யாரும் தொடக்கூடாது. இதுதான் அடிப்படை.

கணக்கு சுலபம். இரண்டு எல்.இ.டி. விளக்குக்கு 20 வாட், தராசுக்கு 5, பில் மெஷினுக்கு 15, இரண்டு செல்போனுக்கு 20, ஆகமொத்தம் 60 வாட். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர். நான்கு மணி நேரம் ஓடினால் 20 ஆம்பியர்-மணி. பேட்டரிக் கடையில் இதைத்தான் ஏ.எச். என்பார்கள்.

அதற்காக 20 ஏ.எச். பேட்டரி வாங்கிவிடக் கூடாது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். கையிருப்பு முழுவதையும் கடனுக்குக் கொடுத்துவிட்டு முதலை இழப்பது போலத்தான். ஆகவே 20-ஐ இரண்டால் பெருக்கி 40. பேட்டரி பழகப் பழகக் கொள்ளளவு குறையும் என்பதால் கால் பங்கு கூட்டி 50. ஆக, 50 முதல் 60 ஏ.எச். நமக்குப் போதும். பால், ஐஸ் வகைக்குச் சிறு குளிர்பெட்டி வைப்பவர்கள் மட்டும் 100 ஏ.எச். பக்கம் யோசிக்கலாம்.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவதும் நட்டமே. 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனக்கும். ஒவ்வொரு நடையிலும் ஒரு சிப்பம் அரிசியை விற்காமலே ஏற்றி இறக்குவதற்குச் சமம் அது.

2. எந்த வகை?

கிளப்பும் பேட்டரி: இதன் தகடுகள் மெல்லியவை. ஒரு நொடியில் நிறையக் கரண்ட் கொடுக்கும். மெதுவாக நெடுநேரம் கொடுப்பதற்கு ஏற்றதல்ல. இரண்டாவது பேட்டரியாக இதை மாட்டினால் சீக்கிரம் கெடும்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி: நெடுநேரம் கொடுக்கும். ஆனால் உயரம், கனம், உள்ளே திரவ அமிலம். மேடு பள்ளக் குலுக்கலுக்கு ஏற்றதல்ல. ஜீப்பில் வைக்க வேண்டாம்.

அடைத்த பேட்டரி: தண்ணீர் ஊற்றத் தேவையில்லாதது. சாய்ந்தாலும் அமிலம் வழியாது. ஆழமாகக் காலியாவதைத் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். நம் வேலைக்கு இதுவே பொருத்தம். எஞ்சின் சூடு மட்டும் இதற்கு ஆகாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்: எடை பாதிக்கும் குறைவு. முக்கால் பங்குக்கு மேல் காலி செய்தாலும் தாங்கும். விலை அதிகம். இதை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்கக் கூடாது. இது அளவில்லாமல் கரண்ட்டை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடக்கூடும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் என்ற கருவி வேண்டும்.

வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடையில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி தானாகவே காலியாகித் தகட்டில் உப்புப் படிந்திருக்கும். மீட்டர் வைத்துப் பாருங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். பில்லிலும் வாரண்டி அட்டையிலும் தேதியும் வரிசை எண்ணும் எழுதி வாங்குங்கள். நம் கடைப் பில்லுக்கு நாம் காட்டும் கண்டிப்பை இங்கும் காட்ட வேண்டும்.

3. எங்கே வைப்பது?

பானெட்டுக்குள் இடமிருந்தால் வயர் நீளம் குறையும். ஆனால் சூடு அதிகம். சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு.

சீட்டுக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. சில பழைய ஜீப்புகளில் டிரைவர் சீட்டுக்கு அடியில் டீசல் டேங்க் இருக்கும். அங்கே நினைக்கவே வேண்டாம். திரவ அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே ஆள் உட்காரும் இடத்தில் திரவ பேட்டரி கூடாது.

பின்கதவை ஒட்டி வைத்தால் கனம் பின் அச்சுக்கு வெளியே தொங்கும். ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகும். சேஸிஸுக்கு வெளியே அடியில் வைத்தால் கல்லும் சேறும் ஓடைத் தண்ணீரும் அடிக்கும்.

நாங்கள் கடைசியில் வைத்த இடம் இடதுபுற முன்சீட்டுக்குப் பின்னால், தளத்தை ஒட்டி, இரண்டு அச்சுக்கும் நடுவில். அடைத்த பேட்டரி, மூடியுள்ள பெட்டி, பெட்டிக்குக் காற்றுப் போக்கு. இரும்புத் தட்டைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே பட்டை கொடுத்துப் பிடித்திருக்கிறோம். கயிற்றால் கட்டுவது கட்டல்ல. கையால் ஆட்டிப் பார்த்தால் பேட்டரி அசையக் கூடாது. அசைந்தால் குலுக்கலில் தகட்டின் மாவு உதிரும்.

மூடி ஏன் என்று கேட்கலாம். பழைய அமைப்பில் மூடி இல்லை. ஒருநாள் தராசின் இரும்புச் சங்கிலி நழுவி இரண்டு முனையிலும் விழுந்தது. கண்மூடித் திறப்பதற்குள் சங்கிலி சிவந்துவிட்டது. பக்கத்துச் சாக்கு புகைந்தது. மார்ச் மாதத்து மலைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று நமக்குத் தெரியும். 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகளின் உயிரைக் கொண்டுபோனது. அந்த மலைச் சரிவில் வண்டி ஓட்டுகிறவர் ஒரு பொறிக்குக்கூட இடம் கொடுக்கக் கூடாது.

4. எப்படி இணைப்பது?

எஞ்சின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஆக வேண்டும். நின்றதும் பிரிந்துவிட வேண்டும். இதற்கு மூன்று வழி.

கை சுவிட்ச்: விலை குறைவு. மறந்தால் போச்சு. மனிதன் மறப்பான்.

வோல்ட்டேஜ் பார்க்கும் ரிலே: ஆல்டர்னேட்டர் வேலை செய்து 13.3 வோல்ட் அளவு வந்ததும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். பழைய ஜீப்புகளுக்கு இதுவே போதும்.

டி.சி.-டி.சி. சார்ஜர்: புதிய பி.எஸ்.-6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கும். அங்கே ரிலே சரியாக வேலை செய்யாது. இந்தச் சார்ஜர் வேண்டும். புது வண்டியானால் கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டே கை வையுங்கள். வாரண்டி போய்விடக் கூடாது.

அடுத்து வயர். இதில்தான் பலரும் சிக்கனம் பார்த்து ஏமாறுகிறார்கள். போக 3 மீட்டர், வர 3 மீட்டர், மொத்தம் 6 மீட்டர் செம்பு வயர். 40 ஆம்பியர் ஓடினால் 6 சதுர மி.மீ. வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்குக் கிடைப்பது 13.5. அந்த அளவில் பேட்டரி நிரம்ப மிகவும் தாமதமாகும். 16 சதுர மி.மீ. வயரில் இழப்பு கால் வோல்ட்தான். துருப்பிடித்த பழைய பாடியை எர்த்தாக நம்பாமல் எர்த்துக்கும் தனி வயர் இழுப்பது நல்லது.

பியூஸ் இரண்டு வேண்டும். ஒவ்வொரு பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலும் ஒன்று. வயரின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால், நடுவில் எங்கே உரசினாலும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பியூஸ் பாதிக் காவல்தான்.

பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்றே இணைக்க வேண்டும். பிளஸ்ஸையும் மைனஸையும் தொடராகச் சேர்த்தால் 24 வோல்ட் ஆகி விளக்கெல்லாம் எரிந்துபோகும். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி வராது.

5. பராமரிப்பு

போடியிலிருந்து மலையேற ஆகும் ஒரு மணி நேரத்தில் காலியான பேட்டரி நிரம்பிவிடாது. கடைசிக் கால் பங்கு எப்போதும் மெதுவாகத்தான் ஏறும். ஆகவே வாரம் ஒருமுறை கடையில் சார்ஜர் போட்டு நிரப்புங்கள். வண்டி சில மணி நேரம் நின்றபின் மீட்டர் வைத்தால் 12.6-க்கு மேல் என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால். 12.2-க்குக் கீழே போக விடாதீர்கள்.

கிளப்பும் பேட்டரி திரவ வகையானால் வடித்த நீர் மட்டுமே ஊற்றவும். அமிலம் ஊற்றக் கூடாது. முனையில் பூத்த உப்பையும் சிந்திய அமிலத்தையும் நம் கடைச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்தால் போகும். பிறகு கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சோடாக் கரைசல் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது.

பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குப் போக வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது நமக்கும் லாபம். அதன் ஈயம் ஓடைத் தண்ணீரில் கலந்தால் அதைக் குடிப்பதும் நம் வாடிக்கையாளர்தான்.

முடிவாக

தேவையைக் கணக்கிட்டு வாங்குங்கள். அடைத்த பேட்டரியை நடுவில், தாழ்வாக, மூடி போட்டு, இறுக்கி வையுங்கள். தடித்த வயர், இரண்டு பியூஸ், நடுவில் ரிலே. இவ்வளவுதான் பாடம்.

இதற்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். இப்போது எங்கள் ஜீப் மலைக்கடையில் எவ்வளவு நேரம் விளக்கெரிய நின்றாலும், சாவியைத் திருகியதும் கிளம்புகிறது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சரக்கு இறக்கும்போது விளக்கருகில் வந்து நின்று தராசின் எண்ணைச் சத்தமாகப் படிக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம், இந்தப் பேட்டரியை ஒரு வருடம் முன்பே வாங்கியிருக்கலாமே என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. நம் உறுப்பினர்கள் யாரும் அப்படி நினைக்கும்படி ஆகக் கூடாது.