அண்டை வீட்டுப் பனியும் அதற்கான கூலியும்

‘கூலியைப் பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்ற ஒரு சொல்லால் கசந்துபோன அண்டை உறவுகள் எத்தனையோ! இதன் சட்டத்தை விளங்கிக்கொள்ள, நம் ஊரில் இல்லாத ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. ஏரியின் ஈரத்தை வாரிவரும் குளிர்காற்று அதன் சில பகுதிகளில் ஆண்டுக்கு 200 அங்குலத்துக்கும் அதிகமாகப் பனியைக் கொட்டுகிறது. பொதுச்சாலையை அரசு வண்டி வழித்துவிடும். சாலையிலிருந்து வாசல் வரையுள்ள பாதை வீட்டுக்காரர் பொறுப்பு. 100 அடி நீளம், 10 அடி அகலப் பாதையில் ஓரடி பனி விழுந்தால் 1,000 கன அடி. கன அடிக்கு 3 கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 3 டன்! முதியவர் ஒருவர் மண்வாரியால் அள்ளும் காரியமா இது? டிராக்டர் வைத்திருக்கும் அண்டை வீட்டார்தான் விடியுமுன் வந்து தள்ளிக்கொடுக்கிறார். டீசலும் தேய்மானமும் அவருடையது. அவர் என்ன வாங்கலாம்?

கூலி பேசாமல் வேலையை முடித்தவருக்குக் கூலி கேட்கும் உரிமை இல்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான சொல். எனினும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் தையற்காரரை உதாரணம் காட்டி, அத்தொழிலுக்கென்றே அறியப்பட்டவருக்குக் கூலி உண்டு என்ற சொல்லும் நல்லதாகக் கருதப்படலாம் என்கிறார்கள். எனவே என்றோ ஒருநாள் தானாக வந்து பனி தள்ளியவர் பின்னர் பணம் கேட்க முடியாது. குளிர்காலந்தோறும் இதையே தொழிலாகச் செய்பவர், இரண்டாவது சொல்லின்படி, அவ்வூர் வழக்கிலுள்ள கூலியைக் கேட்கலாம்.

‘குளிர்காலம் முழுவதற்கும் இவ்வளவு’ என்று பேசுவோரும் அங்கே உண்டு. ஐந்து முறை பனி விழுந்தால் கொடுத்தவர் முணுமுணுப்பார். முப்பது முறை விழுந்தால் வாங்கியவர் நொந்துகொள்வார். வேலையின் அளவு தெரியாததால் இதில் கரர் நுழைகிறது. ஒரு தடவைக்கு இவ்வளவு, அரையடிக்கு மேற்பட்டால் இவ்வளவு என்று பேசுவதே நமக்குச் சரியாகப் படுகிறது.

வசதியுள்ளவரிடம் ஊர்க் கூலியை வாங்கி, விதவையிடம் டீசல் செலவை மட்டும் வாங்குவதில் தடையில்லை. இலவசம் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனதில் ஒரு தொகையை வைத்துக்கொண்டு ‘உங்கள் இஷ்டம்’ என்பது நாகரிகமாகத் தோன்றலாம். கொடுப்பவருக்கோ அது தர்மசங்கடம். புயலில் அடைபட்ட நோயாளியிடம் இருமடங்கு கேட்பதை நாம் கூலி என்று சொல்லமாட்டோம்.

இன்னொன்று: பாதையோரம் எதுவென்று தெரிய, குளிருக்கு முன்பே குச்சிகள் நட்டுவைப்பது அங்குள்ள வழக்கம். வீட்டுக்காரர் நடாததால் பூச்செடி சிதைந்தால், கவனமாக ஓட்டியவர் மீது ஈடு இல்லை. குச்சி இருந்தும் வேகமாக ஓட்டிச் சாய்த்தால் அவரே ஈடு கொடுக்க வேண்டும்.