அடுப்பங்கரையில் குடியிருக்கும் இமொய்னு

கேள்வி: என்னுடன் வேலை பார்க்கும் இம்பால் பெண், ஜனவரியில் ஒருநாள் மாலை அடுப்புக்கு முன்னால் விளக்கேற்றி, சோறும் காய்கறியும் மீனும் படைத்துக் கும்பிட்டதாகச் சொன்னார். சாமி பெயர் இமொய்னுவாம். “எங்கள் ஊர் லட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோவை

பதில்: உங்களுக்குச் சட்டென்று விளங்கட்டும் என்று அப்படிச் சொல்லியிருப்பார். மணிப்பூரிலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்குச் செல்வம் தருபவள் என்ற அளவில் ஒப்பீடு பொருந்தும். அதற்கு மேல் பொருந்தாது.

இமொய்னு மணிப்பூரில் வாழும் மெய்தெய் மக்களின் பழைய சமயத்தைச் சேர்ந்தவள். அவள் இருப்பிடம் வீட்டு அடுப்பு. அதை ‘புங்கா’ என்பார்கள். சமைத்த சோற்றில் ஒரு பங்கை முதலில் அடுப்புக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவது பழைய வழக்கம். நீங்கள் கேள்விப்பட்ட பூஜைக்கு இமொய்னு இராத்பா என்று பெயர். மெய்தெய் நாட்காட்டியின் வாக்சிங் மாதத்துப் பன்னிரண்டாம் நாளில் வீட்டார் தங்கள் சமையலறையிலேயே அதைச் செய்கிறார்கள்.

மெய்தெய் சமயத்தில் பெண் தெய்வங்கள் ஏராளம். நெல்லுக்கு ஃபௌவோய்பி, மீனுக்கு ஙாலெய்மா, உப்புக்குத் தும்லெய்மா, தண்ணீருக்கு இரெய்மா என்று உயிர் வாழத் தேவையான ஒவ்வொன்றையும் ஒருத்தி காக்கிறாள். எல்லோருக்கும் மேலே தாய்த்தெய்வமான லெய்மரேல் சிதாபி. இமொய்னுவை அவளுடைய இன்னொரு வடிவமாகவே பலர் கருதுகிறார்கள். நெல்லும் மீனும் உப்பும் தண்ணீரும் கடைசியில் வந்து சேரும் இடம் அடுப்புதானே! இந்தக் குடும்பத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் இமொய்னு யார் என்பது பிடிபடும். லட்சுமி என்று சொல்லிவிட்டால் இந்த உறவுகள் அத்தனையும் மறைந்துபோகின்றன.

அந்த ஒப்பீடு வந்த வழிக்கு ஒரு வரலாறு உண்டு. 1709இல் பட்டத்துக்கு வந்த மணிப்பூர் மன்னர் பாம்ஹெய்பா வைணவத்தைத் தழுவி, அதை அரச சமயமாக்கினார். ‘புயா’ எனப்படும் பழைய சுவடிகள் எரிக்கப்பட்டன. ஊர்த் தெய்வங்கள் பலவற்றுக்கு இந்துத் தெய்வங்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. ஆனாலும் வைணவரான மெய்தெய்களின் வீடுகளில்கூட, தென்மேற்கு மூலையில் வீட்டுத் தெய்வமான சனாமஹியும் வடபுறத்தில் லெய்மரேலும் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். இமொய்னுவும் அடுப்பை விட்டு நகரவில்லை. அரசாணை கோயில்களை மாற்றலாம். அன்றாடம் சோறு பொங்கும் இடத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல என்று நான் நினைக்கிறேன். சுவடி எரிந்த பிறகும் இந்தச் சமயம் பிழைத்திருந்ததில் வீட்டுப் பெண்களின் பங்கு மிகப் பெரியது. அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் தரவில்லை.

ஆகவே உங்கள் தோழியிடம் பேசும்போது இமொய்னு என்றே சொல்லுங்கள். அந்தப் பெயரை உங்கள் வாயால் கேட்டால் அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். வாக்சிங் சந்திர மாதம் என்பதால் பூஜை நாள் ஆண்டுதோறும் சற்று முன்பின்னாகும். அடுத்த பூஜை எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.