சிறுதொழிலுக்கு ஒரு சொந்தக் குரல்

நமது நாட்டின் குடிசைத் தொழில்களும் சிறுதொழில்களும் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளை ஆராய்வோர், மூலதனம், மூலப்பொருள், சந்தை ஆகிய மூன்றையும் குறிப்பிடுவது வழக்கம். நான்காவதாக ஒன்றையும் இவற்றோடு சேர்க்க வேண்டும். தன் பொருள் எத்தகையது, அதை ஆக்கியவர் யார், எதற்கு அவர் பொறுப்பேற்கிறார் என்பதை வாங்குபவருக்குத் தன் சொந்தச் சொற்களில் எடுத்துக்கூறும் ஆற்றலே அது. வணிக உலகில் ‘பிராண்டு’ என்று வழங்கப்படுவதன் உயிர்நிலை இதுவேயாகும்.

சுய உதவிக் குழுக்களின் பொருட்காட்சி ஒன்றைச் சுற்றி வருவோர் இக்குறையை எளிதில் உணரலாம். ஊறுகாய், தேன், மசாலைப் பொடி என்று பொருள்கள் பலவாக இருந்தும், உறைகளின் மீது காணப்படும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றே: ‘தூய்மையானது’, ‘இயற்கையானது’, ‘வீட்டில் தயாரித்தது’. எல்லோரும் ஒன்றையே கூறும்போது வாங்குபவர் விலையை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறார். விலைப் போட்டியில் பெரிய ஆலையைச் சிறு உற்பத்தியாளர் வெல்வது அரிது. ஆகவே சொந்தக் குரல் என்பது வெறும் அலங்காரமன்று; உழைப்புக்குரிய விலையைப் பெறுவதற்கான பொருளாதாரச் சாதனமாகும்.

சட்டத்தின் நோக்கு

1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம், பொருளின் வகையையோ தரத்தையோ மட்டும் குறிக்கும் சொற்களைத் தனியொருவரின் வணிகக்குறியாகப் பதிவு செய்ய இடமளிப்பதில்லை. அவை அனைவருக்கும் பொதுவானவை. எனினும், நீண்டகாலப் பயன்பாட்டினால் தனித்தன்மை பெற்றுவிட்ட சொற்களுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. உணவுப் பொருள்களைப் பொறுத்தவரை, விளம்பரங்கள், உரிமைக்கூற்றுகள் தொடர்பான 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ‘தூய’, ‘இயற்கையான’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களைக் கையாள வரையறைகளை விதித்துள்ளன. அலங்காரச் சொற்களை நம்பியிருக்கும் உற்பத்தியாளர், சந்தையில் மட்டுமின்றிச் சட்டத்தின் முன்னும் வலுவற்றவராகிறார் என்பது இதனால் விளங்கும்.

லிஜ்ஜத் அப்பளத்தின் பாடம்

பொதுச்சொல் ஒன்று தனிப்பெயராக வளர்ந்ததற்கு லிஜ்ஜத் அப்பளம் சிறந்த எடுத்துக்காட்டு. 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், மும்பையின் (அன்றைய பம்பாய்) கிர்காவ் பகுதியில், குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இடத் தொடங்கினர். கடனாகப் பெற்ற 80 ரூபாயே அவர்களது மூலதனம். முதல்நாள் உற்பத்தி நான்கு கட்டுகள். ‘லிஜ்ஜத்’ என்னும் குஜராத்திச் சொல்லுக்குச் சுவை என்பதே பொருள். இதைவிடப் பொதுவான ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதே கடினம்.

அச்சொல்லுக்கு மதிப்பைத் தந்தது, அப்பெண்கள் தொடக்கத்திலேயே மேற்கொண்ட முடிவுகளாகும். முதலில் அவர்கள் இரண்டு தரங்களில் அப்பளம் செய்து, தரம் குறைந்ததை மலிவாக விற்க எண்ணினர். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த பெரியவர் சகன்லால் பாரேக், ஒரே தரத்தில் செய்யுமாறும், அத்தரத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார். நட்டமே வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்றும் அவர்கள் உறுதி பூண்டனர். உழைக்கும் பெண்கள் ‘சகோதரிகள்’ என்றே அழைக்கப்பட்டனர். அவர்களே அமைப்பின் உரிமையாளர்களாகவும் ஆயினர். 1966இல் இவ்வமைப்பு காதி, கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. நிறுவனர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனில், ஒரே தரம், உழைப்பவரே உரிமையாளர், யாரிடமும் கையேந்தாமை என்னும் மூன்று முடிவுகளும் விளம்பரத்துக்காக எடுக்கப்பட்டவை அல்ல என்பதாகும். முதலில் நடைமுறை; பின்னரே பெயர். எதைச் செய்வோம் என்பதோடு, எதைச் செய்ய மாட்டோம் என்பதையும் ஒரு தொழில் தீர்மானிக்கும்போதே அதற்குக் குரல் பிறக்கிறது.

மிதிலை ஓவியங்கள்

பீகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் திருமண அறைகளின் சுவர்களில் ஓவியம் தீட்டுவது தொன்றுதொட்ட வழக்கம். 1966–67ஆம் ஆண்டுகளில் அங்குக் கடும் வறட்சி நிலவியபோது, அப்பெண்களுக்கு வருவாய் தேடித்தரும் நோக்குடன் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை அங்கு அனுப்பியது. அவர் அவர்களுக்குத் தாளை அளித்தார். சுவரில் தீட்டியதைத் தாளில் தீட்டச் செய்தார். தம்முடைய பாணியை அவர்கள்மீது சுமத்தவில்லை.

இதன் பயனாக, ஒரே மரபுக்குள் பல தனிக் குரல்கள் வெளிப்பட்டன. சீதா தேவியின் ஓவியங்களை நிறைந்த வண்ணங்களால் அறியலாம். கங்கா தேவியின் ஓவியங்களை நுண்ணிய கோடுகளால் அறியலாம். இவ்விருவரும் முறையே 1981, 1984ஆம் ஆண்டுகளில் பத்மஸ்ரீ விருது பெற்றனர். கங்கா தேவி தமது அமெரிக்கப் பயணத்தையும், தாம் மேற்கொண்ட புற்றுநோய்ச் சிகிச்சையையும்கூட அதே கோட்டு முறையில் தீட்டினார். சொந்தக் குரல் என்பது பழம்பொருள்களையே திரும்பத் திரும்பக் கூறுவதன்று. புதியதையும் தன் முறையில் கூறுவதாகும் என்பதற்கு இது சான்று.

வாங்குபவரின் பழக்கம்

சொந்தக் குரலைப் பிடிவாதத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. குஜராத் மாநிலம் ஆனந்தில் 1946இல் பதிவுபெற்ற கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம், புதிய பாலேட்டிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சந்தைக்கு அனுப்பியபோது, உப்பும் மஞ்சள் நிறமும் கொண்ட வெண்ணெய்க்குப் பழகியிருந்த நகரமக்கள் அதை விரும்பவில்லை. சங்கம் உப்பையும் நிறத்தையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆனால் பாலுக்குரியவர் உழவரே என்னும் அடிப்படையை அது மாற்றிக்கொள்ளவில்லை. வாங்குபவரின் பழக்கத்துக்காக மாற்றத்தக்கவை எவை, எக்காரணம் கொண்டும் மாற்றத்தகாதவை எவை என்று பிரித்தறிவதே இதில் பெறத்தக்க படிப்பினை.

முத்திரைகளின் இடம்

அரசு வழங்கும் முத்திரைகள் இப்பணியில் துணை நிற்கின்றன. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அக்மார்க் விளைபொருளின் தரத்தையும், 2004இல் தொடங்கப்பட்ட பட்டு முத்திரை பட்டின் தூய்மையையும் உறுதி செய்கின்றன. 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒரு வட்டாரத்தின் பெயரைக் காக்கிறது. டார்ஜிலிங் தேயிலை அதன்கீழ் முதலாவதாகப் பதிவுபெற்றது. எனினும் முத்திரை கூறப்பட்டதற்குச் சாட்சி மட்டுமே. கூறவேண்டியதை உற்பத்தியாளரே கூறவேண்டும்.

நடைமுறைக்குச் சில வழிகள்

குழுக்களுக்குப் பயிற்சி அளிப்போர் பின்வரும் முறையைக் கையாளலாம்.

முதலாவது, உறையில் அச்சிடும் வாசகத்தை அலுவலகத்தில் எழுதாமல், உற்பத்தி நடைபெறும் இடத்திலேயே உறுப்பினர்களிடம் கேட்டறிதல். இந்த மிளகாயை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை நாள் உலர்த்துகிறீர்கள், எதைச் சேர்க்க மறுக்கிறீர்கள் என்பன போன்ற வினாக்களுக்கு அவர்கள் தரும் விடைகளை, அவர்களது பேச்சிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மெய்ப்பித்துக் காட்ட இயலாத ஒவ்வொரு சொல்லையும் நீக்குதல். ‘மிகச் சிறந்தது’ என்பதை எவராலும் மெய்ப்பிக்க முடியாது. ‘மூன்று நாள் வெயிலில் உலர்த்தியது’ என்பதை, அது உண்மையானால், நேரில் காட்டலாம்.

மூன்றாவது, எஞ்சிய வாசகத்தை உறுப்பினர்களுக்குப் படித்துக் காட்டி, ‘கடைக்கு வருபவரிடம் இதை நீங்கள் நேருக்கு நேர் சொல்வீர்களா?’ என்று கேட்டல். சொல்லத் தயங்கினால் அது அவர்களது குரலன்று.

நான்காவது, உறையில் கூறியதை நாள்தோறும் நிறைவேற்றும் பொறுப்பை உறுப்பினர்களில் ஒருவரிடம் ஒப்படைத்தல். வாக்குத் தவறிய உறை, வாசகமே இல்லாத உறையைவிடத் தீங்கானது.

அலுவலர்களின் பொறுப்பு

குழு உறுப்பினருக்கு எழுதத் தெரியாது என்பதற்காக அவருக்குச் சொல்லத் தெரியாது என்று கருதிவிடுவது பெருந்தவறு. அவருக்காக நாமே அழகிய சொற்களை எழுதிக் கொடுக்கும்போது, அவரிடம் இருந்த ஒரே தனித்தன்மையையும் எடுத்துவிடுகிறோம். மிதிலைக்குச் சென்றவர் தாளைக் கொடுத்துவிட்டு விலகி நின்றார். கிர்காவின் பெரியவர் தரத்தைப் பற்றி அறிவுரை கூறியபின் தொழிலைப் பெண்களிடமே விட்டார். வேண்டிய கருவியையும் தக்க அறிவுரையையும் தந்து, பேச்சை உரியவரிடமே விட்டுவிடும் இம்முறை, மாவட்டந்தோறும் பணியாற்றும் வளர்ச்சி அலுவலர்கள் பின்பற்றத்தக்கதாகும்.