அறை வாடகை மட்டுமே செலவன்று

மும்பைக்குச் சுற்றுலா செல்லும்போது, வாடகை குறைவென்று அந்தேரியில் அறை எடுக்க எண்ணுகிறோம். ஆனால் இந்திய நுழைவாயிலும், எலிஃபன்டா தீவுக்கான படகுத்துறையும் நகரின் தென்முனையில் உள்ளன. அந்தேரியிலிருந்து சர்ச்கேட் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் புறநகர் ரயில்களில் நெரிசல் மிகும். முதிய பெற்றோருடன் அதில் ஏறுவது எளிதன்று. டாக்சியில் சென்றாலோ மிச்சப்படுத்திய பணம் கரைந்துவிடும்.

கடன் பெறும்போது வட்டியுடன் பிற கட்டணங்களையும் கூட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அவ்வாறே அறை வாடகையுடன் பயணச் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பார்ப்போம். கொலாபா கட்டுப்படியாகாவிடில், மேற்கு, மத்திய ரயில் தடங்கள் சந்திக்கும் தாதர் பொருத்தமானது. சர்ச்கேட்டுக்குத் தொலைவு பாதியாகக் குறையும். விடியற்காலை விமானம் ஏறுவோர் கடைசி இரவை மட்டும் அந்தேரியில் கழிக்கலாம்.