பீரங்கிக் குண்டும் பழிவாங்கும் வெறியும்: சரயேவோ தரும் பாடம்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பின் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். குண்டு விழுந்து இடிந்த வீடு, இடிபாட்டுக்குள் ஒரு குழந்தை. "ஹஜ்ரத், இதைப் பார்த்துட்டும் நாம துஆ மட்டும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? திருப்பி அடிக்கிறவங்களை ஏன் தப்புன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. இந்தக் கேள்வியை நாம் அதட்டி அடக்கினால், பதில் சொல்ல வேறு யாரோ இணையத்தில் காத்திருக்கிறார்கள். எனவே இன்று அதையே பேசுவோம்.

பீரங்கி என்ன செய்கிறது?

இரண்டு உலகப்போர்களிலும் படைவீரர்களை அதிகம் கொன்றது துப்பாக்கி அல்ல, பீரங்கிதான். ஸ்டாலின் அதைப் 'போரின் கடவுள்' என்றே சொன்னார். நஊது பில்லாஹ்! இன்று பல படைகள் பயன்படுத்தும் 155 மி.மீ. குண்டு ஒன்றின் எடை 40 கிலோவுக்கும் மேல். அது 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். சுடுகிறவர் தம் குண்டு யார் மீது விழுகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதில்லை. முன்னால் நிற்கும் கண்காணிப்பாளரோ ட்ரோனோ தரும் அளவுகளை வைத்துச் சுடுகிறார். வழிகாட்டும் கருவி இல்லாத குண்டு, நெடுந்தொலைவில் குறியிலிருந்து நூறு மீட்டருக்கும் மேல் விலகி விழலாம். வெட்டவெளியில் நூறு மீட்டர் பெரிதல்ல. ஊருக்குள் நூறு மீட்டர் என்றால் அது ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை, ஒரு மஸ்ஜித்.

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் மலைகள், நடுவே நகரம். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகை நீடித்தது. மலைகளிலிருந்து ஒரு நாளைக்குச் சராசரியாக 300-க்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. 1994 பிப்ரவரி 5 அன்று மர்க்காலே சந்தையில் விழுந்த ஒரே ஒரு மோர்ட்டார் குண்டில் 68 பேர் இறந்தார்கள். முற்றுகை தொடங்கிய 20-ஆம் ஆண்டில், இறந்தவர்களின் நினைவாக அந்நகரின் வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகள் காலியாகப் போடப்பட்டன. குழந்தைகளுக்குச் சிறிய நாற்காலிகள்.

ஒரே நெருப்பு, இரண்டு வெறிகள்

அந்தத் தம்பியின் கோபம் பொய்யல்ல. அநியாயத்தைக் கண்டு மனம் கொதிப்பது ஈமானின் அடையாளம். ஆனால் அந்தக் கொதிப்பை விலைக்கு வாங்க ஆட்கள் இருக்கிறார்கள்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தியவர்களில் இருவர், 1995-இல் முஸ்லிம்களுக்காகப் போரிடப் போஸ்னியா சென்றவர்கள். முடிவில் அவர்கள் கொன்றது, சரயேவோ மீது ஒரு குண்டும் வீசாத அலுவலக ஊழியர்களையும் பயணிகளையும். இறந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். ஜும்ஆவுக்கு வந்த 51 பேரைச் சுட்டுக் கொன்றவன், பள்ளிவாசலுக்கு வரும் வழியில் காரில் கேட்டது போஸ்னிய செர்பியத் தலைவர் கராட்சிச்சைப் புகழும் பாட்டு. சரயேவோவை முற்றுகையிட்டது அவருடைய தரப்புதான். தன் இனத்துக்கு ஆபத்து, பழிவாங்குகிறேன் என்றுதான் அவனும் எழுதி வைத்தான்.

ஐந்தே வாரங்களில், ஏப்ரல் 21 அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் தமிழ்க் குழந்தைகள். கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என்று முதலில் சொல்லப்பட்டது. ஆனால் அதே கும்பலோடு தொடர்புடைய வெடிபொருட்கள் வனாத்தவில்லுவில் பிடிபட்டது அந்த ஆண்டு ஜனவரியில்! கிறைஸ்ட்சர்ச் நடப்பதற்கு இரண்டு மாதம் முன்பே வெடிமருந்து தயார். காரணம்தான் பிறகு ஒட்டப்பட்டது. இதைக் கவனியுங்கள் சகோதரர்களே! காயம் உண்மையானது. அதைக் காட்டிக் கொலைக்கு ஆள் சேர்ப்பவனுக்குக் காயம்பட்டவன் மீது அக்கறை இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தாயிஃப் முற்றுகையில் மன்ஜனீக் எனும் கல்லெறி இயந்திரம் பயன்படுத்தப்பட்டதாக வரலாற்று நூல்களில் வருகிறது. அந்தக் காலத்துப் பீரங்கி அது. இந்தச் செய்தியைத்தான் தீவிரவாதக் குழுக்கள் பொதுமக்களைக் கொல்ல ஆதாரமாகக் காட்டுகின்றன. அது குறி வைத்தது போர்வீரர்கள் பதுங்கியிருந்த கோட்டையை. ரயிலை அல்ல, வணக்கத்தலத்தை அல்ல. அதன் முடிவையும் அவர்கள் சொல்வதில்லை. நபி (ஸல்) அவர்கள் முற்றுகையை விலக்கிக்கொண்டார்கள். ஸகீஃப் கூட்டத்தாரைச் சபிக்கும்படி தோழர்கள் கேட்டபோது, அவர்களின் நேர்வழிக்காகத் துஆச் செய்தார்கள். அதே கூட்டத்தார் ஹிஜ்ரி 9-இல் இஸ்லாத்தில் இணைந்தார்கள்.

ஒரு போரில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடந்ததை அறிந்த நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்து, பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. காலித் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அவசரப்பட்டபோது, நபியவர்கள் கைகளை உயர்த்தி, அந்தச் செயலுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். நம்மவர் செய்தார் என்பதற்காக மூடி மறைக்கவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா 8-ஆம் வசனத்தின் கட்டளை.

குண்டு ஆளைப் பிரித்தறியாது, அது இரும்பு. மனிதனுக்கு அல்லாஹ் அறிவைக் கொடுத்திருக்கிறான். அந்த அறிவை எறிந்துவிட்டுப் பழிவாங்கக் கிளம்புகிறவன், தான் வெறுத்த பீரங்கியாகவே ஆகிவிடுகிறான்.

அப்படியானால் என்ன செய்வது?

அந்தத் தம்பியிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். கண்ணீரை மறைக்க வேண்டாம். வரும் வீடியோ எந்த நாட்டுடையது, எந்த ஆண்டுடையது என்று விசாரிக்காமல் பரப்ப வேண்டாம். சட்டப்படி இயங்கும் நம்பகமான அமைப்புகள் வழியாக உதவுங்கள். ரகசியக் குழுவுக்கு யாராவது அழைத்தால், அன்றே பெற்றோரிடமோ என்னிடமோ வந்து சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் கோபப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

சரயேவோ மக்கள் இன்னொரு வழியையும் காட்டினார்கள். ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். முற்றுகைத் தளபதி காலிச்சுக்கு 2006-லும், கராட்சிச்சுக்கு 2019 மார்ச் 20 அன்றும் ஆயுள் தண்டனை உறுதியானது. கிறைஸ்ட்சர்ச் நடந்து ஐந்தாம் நாள் அது. பல ஆண்டுகள் பிடித்தன, உண்மைதான். ஆனால் ஓர் அப்பாவியின் இரத்தம்கூட அந்தச் சாட்சிகளின் கையில் இல்லை.

யா அல்லாஹ்! குண்டுகளுக்கு அடியில் வாழும் மக்களைப் பாதுகாப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் கோபத்தை நீதியின் பக்கம் திருப்புவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.