கோப்பியின் ஊர்ச்சுவையும் வறுவற் பதமும்

நெல்லும் காய்கறியும் செய்கை பண்ணும் கமக்காரர் பலரின் வளவிலே, வேலியோரமாகவோ பலாமர நிழலிலோ, சில கோப்பி மரங்கள் நிற்பதுண்டு. அவற்றின் காய்களை ஒரே முறையில் உருவி, முற்றத்தில் உலர்த்தி, வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சியதைக் கடைக்காரருக்கு விற்பது வழக்கம். இவ்வாறு பல வளவுகளிலிருந்து வரும் கொட்டைகள் ஒரே சாக்கிற் சேர்கின்றன. எவ்வூரில் விளைந்தவை, எவ்வுயரத்தில் நின்ற மரத்துக்குரியவை, எவ்வாறு உலர்த்தப்பட்டவை என்பன அச்சாக்கினுள்ளே மறைந்துவிடுகின்றன. சிரத்தையோடு உலர்த்தியவரின் கொட்டைக்கும் பூஞ்சணம் பிடித்த கொட்டைக்கும் ஒரே விலையே கிடைக்கின்றது.

விளைந்த இடத்தின் பெயராலேயே விற்கப்படும் கோப்பிக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அம்மதிப்பு எதனால் உண்டாகின்றது, அதில் கமக்காரரின் கைக்குள் அடங்குவது எது, அடங்காதது எது என்பவற்றை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஓரிடக் கோப்பி என்பது யாது?

ஒரு தோட்டத்திலோ, ஒரு கிராமத்திலோ, ஒரு குறிப்பிட்ட பகுதியிலோ விளைந்து, பிற இடத்துக் கொட்டைகளுடன் கலவாது விற்கப்படுவது ஓரிடக் கோப்பி எனப்படும். பயிற்சி பெற்ற சுவைஞர் கோப்பியைச் சுவைத்து 100 புள்ளிகளுக்கு மதிப்பிடுவர். 80 புள்ளிகளும் அதற்கு மேலும் பெறுவது சிறப்புத்தரக் கோப்பி எனக் கொள்ளப்படுகின்றது. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஓரிடத்துக் கோப்பி என்பதனாலேயே அது நல்ல கோப்பி ஆகிவிடாது; கெட்ட கோப்பிக்கும் ஓர் ஊர் உண்டு.

இதனை நெல்லைக் கொண்டு எளிதில் உணரலாம். மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் ஒரே மூடையில் கொட்டினால், அந்நெல்லை எப்பெயராலும் விற்க முடியாது. தனித்து வைத்தாற்றான் பெயர் நிலைக்கும். பதரும் கல்லும் நீக்கினாற்றான் அப்பெயருக்கு விலை கிடைக்கும்.

பிரித்து வைத்ததால் விளைந்த நன்மைக்குப் பனாமா நாட்டு நிகழ்ச்சியொன்று தக்க சான்றாகும். எதியோப்பியக் காட்டிலிருந்து பெறப்பட்ட கேய்ஷா என்னும் இனம் பல நாடுகளைக் கடந்து அந்நாட்டை அடைந்தது. லா எஸ்மெரால்டா என்னும் தோட்டத்தில் அதன் கொட்டைகள் நெடுங்காலம் ஏனையவற்றுடன் கலந்தே விற்கப்பட்டன. பின்னர் அத்தோட்டத்தார் ஒவ்வொரு பகுதியின் கோப்பியையும் தனித்தனியே சுவைத்துப் பார்த்து, ஒரு பகுதியின் கோப்பி பூமணம் வீசுவதைக் கண்டு, அதனைப் பிரித்து 2004 ஆம் ஆண்டுப் போட்டிக்கு அனுப்பினர். அது முதலிடம் பெற்று, ஏலத்தில் இறாத்தல் ஒன்று 21 அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. சாதாரண கோப்பி இறாத்தலுக்கு ஒரு டொலரும் பெறாத காலம் அது. மரம் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை, பிரித்துச் சுவைத்ததே வேறுபாடு.

இனமும் உயரமும்

உலகில் வாணிபத்துக்காகப் பெரும்பாலும் பயிரிடப்படுவன அறபிக்கா, றொபஸ்டா ஆகிய இரண்டே. அறபிக்கா எதியோப்பிய மலைநாட்டுக்குரியது. அதன் கொட்டையில் வெல்லம் மிகுதி. கபீன் என்னும் கசப்புச் சத்து நூற்றுக்கு 1.2 பங்களவில் உள்ளது. றொபஸ்டா ஆபிரிக்காவின் மேற்கு, மத்திய பகுதிகளின் தாழ்நிலக் காடுகளுக்குரியது. அதில் கபீன் ஏறத்தாழ இரு மடங்கு, புளிப்புக் குறைவு, கசப்பும் தடிப்பும் மிகுதி. வெப்பத்தையும் நோயையும் தாங்கும் ஆற்றலில் றொபஸ்டாவே மேலானது.

இலங்கைக் கமக்காரர் இவ்வேறுபாட்டைத் தம் நாட்டு வரலாற்றிலேயே காணலாம். கோப்பித் தோட்டங்கள் மலைநாடெங்கும் பரந்திருந்த காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அவற்றில் உழைத்தனர். 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் அறபிக்காத் தோட்டங்களைச் சீரழிக்க, அந்நிலங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது. இன்று வளவுகளிற் பெரிதும் காணப்படுவது துருவைத் தாங்கும் றொபஸ்டாவே. அறபிக்கா மலைநாட்டுக் குளிர்ந்த பகுதிகளிற் செய்கை பண்ணப்படுகின்றது.

இனத்துக்கு அடுத்தபடியாகச் சுவையை ஆள்வது உயரமாகும். நூறு மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழச் சென்ரிகிறேட் 0.6 பாகை குறையும். குளிர்ந்த இடத்தில் அறபிக்காப் பழம் மெதுவாகவே முற்றுவதால் கொட்டை கெட்டியாகி, வெல்லமும் இன்புளிப்பைத் தரும் அமிலங்களும் அதில் நன்கு சேர்கின்றன. நிழல் மரங்களும் வெப்பத்தைத் தணித்து ஓரளவு இவ்வேலையையே செய்கின்றன. மண்ணின் மணம் அப்படியே கொட்டையில் ஏறும் என்று கருதுதல் தவறு. மண் மரத்துக்கு ஊட்டத்தையும் நீரையும் தந்து, காய் நன்கு முற்ற உதவுகின்றது, அவ்வளவே.

புகழ்பெற்ற சில ஊர்க் கோப்பிகள்

எதியோப்பியாவின் தென்பகுதியிலுள்ள யிர்கச்செபேயில், தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய கோப்பி மல்லிகை மணமும் தேசிப்பழப் புளிப்பும் உடையது. அதே நாட்டின் கிழக்கிலுள்ள ஹராரில் பழத்தை முழுதாகவே உலர்த்துவர். அக்கோப்பி பழரசத்தையும் திராட்சை மதுவையும் நினைவூட்டும். கென்யாவின் கோப்பி கூர்மையான பழப்புளிப்புக்குப் பெயர்பெற்றது. ஆங்கே 1930 களில் தெரிவுசெய்யப்பட்ட எஸ்.எல். 28, எஸ்.எல். 34 என்னும் இனங்களும், நன்கு கழுவும் முறையும் அச்சுவைக்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. பிரேசில் நாட்டில் உயரங் குறைந்த நிலங்களில் விளைந்து, பழமாகவே உலர்த்தப்படும் கோப்பியிற் புளிப்புக் குறைந்து, வறுத்த கச்சானையும் சொக்கிலேற்றையும் ஒத்த சுவை தோன்றும். சுமாத்திராவில் கொட்டை நன்கு உலருமுன்னரே உட்கோதை நீக்கிப் பின் உலர்த்துவதால், தடித்ததும் மூலிகை மணமுடையதுமான கோப்பி கிடைக்கின்றது.

இவற்றை உற்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஊர்ச்சுவை என்று கூறப்படுவதில் இயற்கை தந்த பாதியும், அவ்வூர்க் கமக்காரரின் கைப்பழக்கம் தந்த பாதியும் உண்டு. உயரத்தை நாம் மாற்ற முடியாது. கைப்பழக்கத்தை மாற்ற முடியும்.

பறித்தலும் பதப்படுத்தலும்

மழைக்குப் பின் மரம் பல தடவை பூப்பதால் காய்களும் ஒரே நாளிற் பழுப்பதில்லை. ஆதலால் பத்து முதற் பதினான்கு நாட்களுக்கு ஒரு முறை, நன்கு சிவந்த பழங்களை மட்டும் பறித்தல் வேண்டும். பச்சைக் காயின் கொட்டை வறுத்தபின் வைக்கோல் மணமும் துவர்ப்பும் தரும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அகற்றுக. அவற்றிலேதான் காய்த் துளைப்பான் வண்டு தங்கிப் பெருகும். அவற்றை நல்ல பழத்துடன் ஒருபோதும் சேர்த்தலாகாது.

பறித்த பழங்களை நீரிலிடுக. விதைநெல்லிற் பதர் மிதப்பது போலவே வெறுங்காயும் வண்டு துளைத்த காயும் மிதக்கும். அவற்றை வடித்தெடுத்துப் புறம்பாக்குக.

கழுவும் முறையைக் கைக்கொள்வோர், பறித்த அன்றே பழத்தோலை நீக்குதல் வேண்டும். வழுவழுப்பான பசைச்சதை ஒட்டிய கொட்டைகளைத் துப்புரவான பாத்திரத்தில் 12 முதல் 36 மணித்தியாலம் வரை புளிக்க விடுக. குளிர்ந்த இடங்களில் நேரம் கூடும். வெப்பமான இடங்களிற் குறையும். கொட்டைகளைக் கையிலெடுத்துத் தேய்க்கும்போது வழுக்காது சரளைக் கற்களைப் போல் உரசினால் பதம் வந்துவிட்டது. உடனே பல முறை நீர் மாற்றிக் கழுவுக. பதம் தவறவிட்டால் விடியற்காலையில் வினாகிரி மணம் எழும். அம்மணத்தைப் பின்னர் எவ்வகையாலும் போக்க இயலாது. கழுவிய நீரை வயல் வாய்க்காலில் விடலாகாது. நீக்கிய பழத்தோலைக் கூட்டெருக் குவியலிற் சேர்த்தால் காய்கறிப் பாத்திகளுக்கு நல்ல பசளையாகும்.

முழுப்பழமாக உலர்த்துவோர், பழங்களை ஒன்றின்மேலொன்று குவியாது பரப்பி, நாள்தோறும் பல முறை கிளறுதல் வேண்டும். எம்முறையாயினும் வெறுந்தரையில் உலர்த்துதல் கூடாது. மண்ணின் ஈரமும் மணமும் கொட்டையிற் பற்றும். இடுப்பளவு உயரத்திற் கட்டிய வலைத்தட்டே சிறந்தது. இரவிலும் மழையிலும் மூடி வைக்குக. கழுவிய கொட்டை உலர ஒன்று முதல் இரண்டு வாரமும், முழுப்பழம் உலர மூன்று முதல் நான்கு வாரமும் செல்லும். ஈரப்பதம் நூற்றுக்கு 12 பங்கைத் தாண்டாதிருத்தல் வேண்டும். ஈரமானி கொண்டு அளந்தறிதலே உறுதியானது.

உலர்ந்த கொட்டை அயலிலுள்ள மணங்களை எளிதில் உறிஞ்சும். கருவாடு, மண்ணெண்ணெய், பூச்சிநாசினி, மிளகு ஆகியவற்றின் அருகே சாக்கை வைத்தலாகாது.

வறுவல் செய்வது என்ன?

பச்சைக் கொட்டையில் நாம் அறிந்த கோப்பி மணம் இல்லை. அம்மணம் நெருப்பிலே பிறக்கின்றது. தாச்சியில் இட்டு இடையறாது கிளறும்போது கொட்டை முதலில் மஞ்சளாகி வைக்கோல் மணமும், பின்னர் இளம் பழுப்பாகிப் பாண் சுடும் மணமும் தரும். கொட்டையின் வெப்பநிலை சென்ரிகிறேட் 200 பாகையை அணுகும்போது சோளம் பொரிவது போன்ற வெடியோசை எழும். இது முதல் வெடிப்பு. ஏறத்தாழ 225 பாகையில் இதனினும் மெல்லிய, நெருக்கமான ஓசையுடன் இரண்டாம் வெடிப்பு நிகழும்.

முதல் வெடிப்பு அடங்கியவுடன் இறக்குவது இளவறுவல். இதிலே பழப்புளிப்பும் பூமணமும் நிலைத்து நிற்கும். ஊர்ச்சுவை மிகத் தெளிவாகத் தெரிவது இப்பதத்திலேதான். உலர்த்தலில் நேர்ந்த குறையும் அதே தெளிவுடன் வெளிப்படும். இரு வெடிப்புகளுக்கும் இடையே இறக்குவது நடுவறுவல். புளிப்புத் தணிந்து, பாகு காய்ச்சியது போன்ற இனிமையும் தடிப்பும் கூடும். இரண்டாம் வெடிப்பைத் தாண்டியது கருவறுவல். அமிலங்கள் சிதைந்து, வெல்லம் கருகி, கொட்டையின் மேல் எண்ணெய் பளபளக்கும். அப்போது கசப்பும் புகைமணமும் மேலோங்க, யிர்கச்செபேயும் பிரேசிலும் நம் வளவுக் கோப்பியும் ஒன்றுபோலவே சுவைக்கும்.

ஆகவே வறுவல் ஊர்ச்சுவையைப் படைப்பதில்லை. அதைக் காட்டவோ மறைக்கவோ மட்டும் செய்யும். கெட்ட கொட்டையைக் கருக வறுத்து விற்பதும், நல்ல கொட்டையை அறியாமற் கருக்கிவிடுவதும் இதனாலேயே நிகழ்கின்றன. எடையிலும் இழப்பு உண்டு. ஒரு கிலோ பச்சைக் கொட்டை இளவறுவலில் 860 கிராம் அளவினதாகவும், கருவறுவலில் 800 கிராம் அளவினதாகவும் குறையும்.

றொபஸ்டாவுக்கு நடுவறுவல் ஏற்றது. அது மல்லிகை மணம் தராது. ஆயினும் சிவந்த பழமாகப் பறித்துத் துப்புரவாக உலர்த்திய றொபஸ்டா தடிப்பும் இனிமையும் உடைய நல்ல பானத்தைத் தரும். அத்தகைய றொபஸ்டாவுக்கும் தனித் தரமதிப்பீடு இன்று உண்டு.

வீட்டிலே செய்யத்தக்க சோதனை

உங்கள் கோப்பியின் உண்மையான சுவையைப் பிறர் சொல்லக் கேட்பதிலும் தாமே அறிதல் நன்று. சிவந்த பழம் மட்டும், வழக்கம்போல் உருவிய கலப்பு, நிலத்தில் உதிர்ந்தது என மூன்று பங்குகளைத் தனித்தனியே உலர்த்தி அடையாளமிடுக. ஒவ்வொன்றிலும் 100 கிராமை ஒரே பதத்துக்கு வறுத்துச் சுளகிற் கொட்டிப் புடைத்து விரைவில் ஆற்றுக. கொத்தமல்லியோ சுக்கோ சேர்த்தலாகாது. அவை சுவையான பானத்தைத் தருமாயினும் கொட்டையின் குணத்தை மறைத்துவிடும்.

மறுநாள், இடித்த தூளில் 10 கிராமை ஒவ்வொரு கோப்பையிலுமிட்டு, கொதித்துச் சற்றே ஆறிய நீரை 180 மில்லிலீற்றர் வார்க்குக. நான்கு நிமிடத்தின் பின் மேலே திரண்ட தூளைக் கரண்டியால் விலக்கி மணத்தை நுகர்க. சீனியும் பாலும் சேர்க்காது, சூடாக ஒரு முறையும் நன்கு ஆறியபின் ஒரு முறையும் சுவைக்குக. ஆறிய கோப்பியே குறையை மறைக்காது கூறும். வீட்டாரையும் அயலாரையும், எது எவருடையதென்று கூறாது சுவைக்கச் செய்க. பின்னர் நல்ல பங்கை மட்டும் எடுத்து மூவகைப் பதத்திலும் வறுத்து, உங்கள் கொட்டைக்கு ஏற்ற பதத்தைத் தேர்க.

மனத்திற் கொள்ள வேண்டியவை

1. சிவந்த பழத்தை மட்டும் பறிக்குக, மிதப்பதை நீக்குக.
2. தோல் நீக்குவதாயின் பறித்த அன்றே நீக்குக.
3. தரையை விட்டு உயர்த்தி உலர்த்துக. மழைக்கும் பனிக்கும் மூடுக.
4. ஒவ்வொரு பறிப்பையும் தனிச் சாக்கிலிட்டு, இனம், இடம், நாள் என்பவற்றை எழுதி வைக்குக.
5. ஊர்ச்சுவையை அறிய வேண்டின் கருக வறுக்காதீர்.

ஒரு வளவின் விளைச்சல் தனிச் சாக்கை நிரப்பப் போதாதிருக்கலாம். ஒரே உயரத்தில், ஒரே இனத்தைச் செய்கை பண்ணும் அயலார் சிலர் ஒரே முறைக்கு உடன்பட்டுப் பறித்து, ஒன்றாக உலர்த்தினால் அக்கிராமத்தின் பெயரால் விற்கத்தக்க ஒரு தொகுதி கிடைக்கும். ஒருவர் பச்சைக் காயை இட்டால் அனைவரின் உழைப்பும் கெடும் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்தல் நன்று. கன்று, தோல் நீக்கும் பொறி, ஈரமானி முதலியன பற்றி உங்கள் பகுதி ஏற்றுமதி விவசாய உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறலாம்.