கப்பலில் பிறந்து கடைக்கு வந்த சொற்கள்



நஷ்டப்பட்டு உட்கார்ந்திருப்பவரைக் கண்டால், "கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்திருக்கிறாரே" என்கிறோம். கடனைத் தீர்த்தவர் கரையேறினார்; தீர்க்காதவர் மூழ்கிப் போனார். நம் மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எனக் கடற்கரை ஊர்கள் உண்டு. வல்லத்திராக்கோட்டை போன்ற உள்பகுதி ஊரிலும் பேச்சில் கப்பல் ஓடத்தான் செய்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. நம் பில்லிலும் பாலிசியிலும் உள்ள சில ஆங்கிலச் சொற்கள் கப்பலிலிருந்து இறங்கியவை. அவற்றின் பொருள் தெரியாவிட்டால் நஷ்டம் நமக்கே. நான்கை மட்டும் இங்கே பார்ப்போம்.

1. ஏ ஒன்: "ஏ ஒன் சரக்கு" என்கிறோம். லண்டன் லாயிட்ஸ் ரிஜிஸ்டர் என்னும் கப்பல் பதிவேட்டில் 1775-76 வாக்கில் ஏற்பட்ட தரக்குறி இது. 'ஏ' கப்பலின் உடற்கட்டைக் குறிக்கும். 'ஒன்று' நங்கூரம், கயிறு முதலிய சாதனங்களைக் குறிக்கும். அன்று பரிசோதகர் பார்த்துக் கொடுத்த தரம். இன்று விற்பவரே சொல்லிக்கொள்ளும் தரம். ஆகவே மூட்டையைக் குத்திப் பார்த்தே வாங்குக.

2. எஃப்.ஓ.ஆர்.: கப்பலில் ஏற்றும் வரை செலவு விற்பவருடையது என்பது எஃப்.ஓ.பி. அதைப் போல ரயிலுக்கு வந்தது எஃப்.ஓ.ஆர்.; இன்று லாரிச் சரக்குக்கும் எழுதுகிறார்கள். இதை அடுத்து வரும் ஊர்ப்பெயர்தான் முக்கியம். 'எஃப்.ஓ.ஆர். விருதுநகர்' என்றால் அங்கிருந்து லாரி வாடகை நம் தலையில், 'எஃப்.ஓ.ஆர். புதுக்கோட்டை' என்றால் புதுக்கோட்டை வரை அவர் தலையில்.

3. மெரைன்: கடலையே பாராத லாரிச் சரக்குக்கும் வழிப்பயண இன்ஷூரன்ஸின் பெயர் மெரைன்தான். சரக்கு நம் கிடங்கில் இறங்கியதும் அதன் வேலை முடிந்தது. அதன்பின் தீ பாலிசிதான் துணை.

4. ஆவரேஜ்: புயலில் கப்பலைக் காக்கச் சில மூட்டைகளைக் கடலில் எறிந்தால், அந்த நஷ்டத்தைக் கப்பல்காரரும் சரக்குக்காரர் அனைவரும் அவரவர் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்வர். இதற்கு 'ஜெனரல் ஆவரேஜ்' என்று பெயர். 'சராசரி' என்ற பொருள் பின்னால் வந்தது. தீ பாலிசியின் ஆவரேஜ் ஷரத்திலும் இந்தப் பங்குக் கணக்கே உள்ளது.

கடையில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு. பாலிசி 6 லட்சத்துக்கு. 3 லட்சம் எரிந்தது. பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது, முழுதும் கிடைக்கும் என்று நினைப்போம். கிடைக்காது. பத்தில் ஆறு பங்கு, அதாவது 1,80,000 ரூபாய்தான் கணக்கு. மீதி 1,20,000 நம் பங்கு.

2021 ஏப்ரல் முதல் வந்துள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில், 15 சதவீதம் வரை குறைவாக எழுதியிருந்தால் இக்கழிவு இல்லை. அதற்கு மேல் குறைந்தால் உண்டு.

பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்கச் சரக்கு மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். தீபாவளி, பொங்கலுக்குச் சரக்கு ஏற்றும்போது பாலிசித் தொகையையும் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்றே பாலிசியை எடுத்து, ஸ்டாக் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.